ஜெர்மனியும் ஜப்பானும் மோதினால் யாருக்கு வெற்றி? 1914-லேயே நடந்த சண்டை... சென்னையில் விழுந்த குண்டு... ஓரிக்கை தறி வரை வந்த பாதிப்பு!

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் தறி வீட்டுத் திண்ணைகளில் இன்றும் கேட்கக்கூடிய ஒரு வசனம் உண்டு. பேரன் பக்கத்து வீட்டு மாமரத்தில் கல்லெறிந்துவிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உட்காருவான். "இவன் சரியான எம்டன்" என்பார் பாட்டி. கோபமா, பெருமையா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியாது.

எம்டன் என்பது ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக ஊரின் பெயர். அந்த ஊரின் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைத்தார்கள். அந்தக் கப்பல் 1914-ல் சென்னைக்கு வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. அதில் பிறந்த சொல் இது. மலையாளத்திலும் இதே கப்பல்தான் 'யமண்டன்' ஆனது. 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பேர் 'எம்டன் மகன்'. தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்பதால் மாற்றினார்கள்.

அந்தப் பேரன் கையில் இருக்கும் செல்போனில் இப்போ அடிக்கடி ஒரு வகை வீடியோ வருகிறது. இரண்டு நாட்டுக் கொடி, நடுவில் தீப்பொறி, கீழே டாங்கி எத்தனை, விமானம் எத்தனை என்று ஓடும் எண்கள். 'ஜெர்மனியும் ஜப்பானும் போர் செய்தால் யார் ஜெயிப்பார்கள்?' கமெண்ட்டில் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் கூட்டாளிகளாக இருந்த நாடுகள் எப்படி மோதும், இதெல்லாம் வெறும் கற்பனை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆனால் இது கற்பனை இல்லை. இரண்டு நாடுகளும் நிஜமாகவே ஒரு முறை போர் செய்திருக்கின்றன. முடிவும் தெரியும். பாட்டி சொல்லும் எம்டன் கப்பலே அந்தப் போரிலிருந்து தப்பி வந்த கப்பல்தான்.

சீனாவில் ஜெர்மனிக்கு என்ன வேலை?

1898-ல் சீனாவின் கிழக்குக் கடற்கரையில் சிங்தாவ் என்ற இடத்தை ஜெர்மனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை என்று பேர்தானே தவிர, துப்பாக்கி முனையில் வாங்கியதுதான். அங்கே துறைமுகம், கோட்டை, ரயில் பாதை, பீர் தொழிற்சாலை எல்லாம் கட்டினார்கள். (அந்த சிங்தாவ் பீர் இன்றும் விற்கிறது.) ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவு அங்கேதான் நங்கூரம் போட்டிருந்தது. தளபதி மாக்ஸிமிலியன் ஃபான் ஷ்பே. அவர் வைத்திருந்த கப்பல்களில் ஒன்றுதான் எம்டன்.

ஜப்பானுக்கு 1902 முதல் பிரிட்டனோடு ஒப்பந்தம் இருந்தது. 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் வெடித்ததும், ஜப்பான் அதை ஒரு வாய்ப்பாகப் பார்த்தது. ஆகஸ்ட் 15-ம் தேதி ஜெர்மனிக்குக் கெடு விதித்தது: சிங்தாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. பதில் வரவில்லை. ஆகஸ்ட் 23-ல் போர் அறிவித்தது.

இப்போ அந்த செல்போன் வீடியோ பாணியிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1914-ல் ஜெர்மனியின் கடற்படை உலகில் இரண்டாவது பெரியது, பிரிட்டனுக்கு அடுத்த இடம். தரைப்படையைக் கேட்கவே வேண்டாம். போர் தொடங்கிய சில வாரங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் திரட்டிய நாடு அது. க்ருப் கம்பெனியின் பீரங்கிக்கு உலகமே பயந்தது. ஜப்பான் ராணுவமே ஜெர்மன் அதிகாரிகளிடம் பாடம் படித்துத்தான் தன்னைத் திருத்தி அமைத்திருந்தது. பட்டியல் போட்டால் ஜெர்மனிக்குத்தான் வெற்றி. சந்தேகமே இல்லை.

நடந்தது வேறு. சிங்தாவில் ஜெர்மனி வைத்திருந்த வீரர்கள் நாலாயிரத்துச் சொச்சம். மிச்சம் 30 லட்சம் பேரும் பிரான்ஸ் எல்லையிலும் ரஷ்ய எல்லையிலும் இருந்தார்கள். பெரிய போர்க்கப்பல்கள் எல்லாம் வட கடலில், பிரிட்டனின் முற்றுகைக்குப் பின்னால். ஜப்பான் இறக்கியது 20 ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களை. கூடவே பிரிட்டன் சார்பில் 1,500 பேர். அதில் 36-வது சீக்கியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பஞ்சாபிலிருந்து போன சிப்பாய்கள், ஜப்பானியர்களோடு சேர்ந்து, சீன மண்ணில், ஜெர்மானியர்களைச் சுட்டார்கள். யாருடைய சண்டை என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஜப்பான் 'வகமியா' என்ற கப்பலிலிருந்து கடல் விமானங்களை இறக்கி சிங்தாவ் மீது குண்டு வீசியது. கப்பலைத் தளமாக வைத்து நடந்த உலகின் முதல் வான்தாக்குதல்களில் இது ஒன்று. ஜெர்மானியர்கள் கையில் பறக்கும் நிலையில் இருந்தது ஒரே ஒரு விமானம். ஓட்டியவர் குந்தர் ப்ளூஷோவ். அக்டோபர் 17-ம் தேதி இரவு எஸ்-90 என்ற சின்ன ஜெர்மன் டார்பிடோ படகு, 'தகச்சிஹோ' என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. அதில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மானியர்களுக்கு மிஞ்சிய பெரிய சந்தோஷம் அவ்வளவுதான்.

அக்டோபர் 31-ல் ஜப்பானியப் பீரங்கிகள் முழு வேகத்தில் முழங்க ஆரம்பித்தன. ஒரு வாரம். நவம்பர் 7-ம் தேதி காலையில் கவர்னர் மேயர்-வால்டெக் வெள்ளைக்கொடி காட்டினார். பசிபிக்கில் ஜெர்மனி வைத்திருந்த மரியானா, கரோலின், மார்ஷல் தீவுகளையும் ஜப்பான் அக்டோபரிலேயே எடுத்துக்கொண்டது. அங்கே சண்டைகூட நடக்கவில்லை.

பிடிபட்ட சுமார் 4,700 பேர் கைதிகளாக ஜப்பானுக்குப் போனார்கள். அவர்களில் பலரை வைத்திருந்த பாந்தோ முகாமில் 1918 ஜூன் 1-ம் தேதி கைதிகளே வாத்தியக் குழு அமைத்து பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை வாசித்தார்கள். ஜப்பானில் அந்த இசை முழுதாக ஒலித்தது அதுதான் முதல் முறை. இப்போ ஒவ்வொரு டிசம்பரிலும் ஜப்பான் முழுக்க அதே சிம்பொனியைப் பாடுகிறார்கள். நம்ம ஊர் மார்கழிக் கச்சேரி மாதிரி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

எம்டன் ஏன் சென்னைக்கு வந்தது?

ஜப்பான் போரில் இறங்கப் போகிறது என்று தெரிந்ததுமே ஷ்பேவுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. தன்னிடம் இருக்கும் கப்பல்களை வைத்துக்கொண்டு ஜப்பான் கடற்படையோடு மோத முடியாது. சிங்தாவில் நின்றால் பொறியில் எலி. அதனால் பசிபிக் வழியே தென் அமெரிக்கா பக்கம் கிளம்பினார். அவர் கதை 1914 டிசம்பர் 8-ல் ஃபாக்லாந்து தீவு அருகே முடிந்தது.

போகும்போது ஒரே ஒரு கப்பலை மட்டும் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார். கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன். 10.5 செ.மீ. பீரங்கி பத்து. கூடவே நிலக்கரி சுமக்கும் 'மார்கோமானியா' என்ற கப்பல்.

நிலக்கரி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்கணும். அன்றைய போர்க்கப்பலுக்கு அதுதான் சோறு. பிரிட்டனுக்கு கொழும்பு, சிங்கப்பூர், ஏடன், பினாங்கு என்று வழியெல்லாம் நிலக்கரிக் கிடங்கு. எம்டனுக்கு எங்கேயும் கிடையாது. பிடிக்கிற கப்பலில் நிலக்கரி இருந்தால்தான் அடுத்த வாரம் ஓடும். 'பொன்டோபொரஸ்' என்ற கிரேக்கக் கப்பலைப் பிடித்தபோது அதில் இந்திய நிலக்கரி நிறைய கிடைத்தது. ஆனால் தரம் மட்டம். எரித்தால் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி கரும்புகை. ஒளிந்து திரிய வேண்டிய கப்பலுக்கு இது எப்படிப்பட்ட தலைவலி என்று யோசித்துப் பாருங்கள்.

முல்லர் இன்னொரு வேலையும் செய்தார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. கித்தானும் மரமும் வைத்து நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து நிறுத்தினார். தூரத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருக்கும். வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஏமாந்தன.

1914 செப்டம்பர் 22, இரவு 9 மணி தாண்டி. சென்னை முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹைகோர்ட் கட்டடத்தின் கோபுரத்தின் மேலேயே அப்போ கலங்கரை விளக்கம் இருந்தது. அதுவும் எரிந்துகொண்டிருந்தது. எம்டன் கரைக்குச் சுமார் 3 கி.மீ. தூரத்தில் நின்று, தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் உள்பட சிலர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டபோது எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கலந்துவிட்டது. மொத்தமே அரை மணி நேரம்.

மறுநாளிலிருந்து சென்னையில் ரயில் ரயிலாக ஆட்கள் கிளம்பினார்கள். ஹைகோர்ட் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிற ஆயிரம் பேரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு இடைச்செருகல். 'எம்டனில் இருந்து சென்னையைக் காட்டிக் கொடுத்தது செண்பகராமன் பிள்ளைதான்' என்று ஒவ்வொரு செப்டம்பரும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். செண்பகராமன் பெரிய போராளி, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் இருந்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில். அங்கிருந்து பெர்லினுக்குப் போனார். வங்கக் கடலில் அவர் இல்லை.

சென்னையை விட்டுக் கிளம்பிய எம்டன், இலங்கையைச் சுற்றிக்கொண்டு டியேகோ கார்சியா தீவில் போய் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்தது. உலகப் போர் தொடங்கிய சங்கதியே அந்தத் தீவுக்காரர்களுக்குத் தெரியவில்லை. கப்பல்காரர்களை வரவேற்று உபசரித்தார்கள்! அக்டோபர் 28-ல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து 'ஜெம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலையும், வெளியே வரும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. எம்டனைத் தேடி பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியக் கப்பல்கள் கடல் முழுக்க அலைந்தன.

நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவில் முடிவு வந்தது. பக்கத்தில்தான் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய கப்பல் வரிசை போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு ஆஸ்திரேலியாவின் 'சிட்னி'யும் ஜப்பானின் 'இபுகி'யும். நாங்கள் போகிறோம் என்று இபுகி கேட்டது. வரிசையை விட்டு நகர வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, சிட்னியை அனுப்பினார்கள். ஜெர்மனி, ஜப்பான் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் நேருக்கு நேர் மோதும் வாய்ப்பு அப்படி நழுவியது.

சிட்னியிடம் பீரங்கி எட்டு. எம்டனிடம் பத்து. எண்ணிக்கையில் எம்டன் கை ஓங்கியதுதான். ஆனால் சிட்னியின் பீரங்கி 15 செ.மீ. குழாய். எம்டனின் குண்டு எட்டாத தூரத்தில் நின்றபடியே அடித்தது. எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். சிதைந்த கப்பலை முல்லர் பவளப் பாறையில் ஏற்றிவிட்டார்.

சரி, ஓரிக்கைக்கு இதில் என்ன?

இங்கேதான் அந்த வீடியோக்கள் காட்டாத கணக்கு வருகிறது. ஒரு காஞ்சிப் பட்டுக்கு என்ன வேண்டும்? பட்டு, சாயம், ஜரிகை. இந்த மூன்றில் முதல் இரண்டை வைத்துத்தான் ஜப்பானும் ஜெர்மனியும் பெரிய ஆட்களாக ஆனார்கள் என்று சொன்னால் நம்புவதற்குக் கஷ்டம். ஆனால் உண்மை அதுதான்.

ஜப்பானிடம் இரும்பும் எண்ணெயும் பெரிதாக இல்லை. இருந்தது பட்டுப்புழு. 1872-ல் தொமியோகாவில் அரசே பட்டு நூற்பாலை தொடங்கியது. அடுத்த 40 வருஷத்தில் சீனாவை முந்தி உலகின் பெரிய கச்சாப் பட்டு ஏற்றுமதி நாடாக ஜப்பான் மாறியது. அந்நியச் செலாவணியை அள்ளிக் கொடுத்த சரக்கு அதுதான். பிரிட்டனிடம் போர்க்கப்பலும் இயந்திரமும் வாங்கிய காசில் பெரும் பங்கு, நூற்பாலையில் வெந்நீரில் கை வெந்து நூல் பிரித்த பெண் பிள்ளைகள் சம்பாதித்துக் கொடுத்தது.

ஜெர்மனியின் கதை சாயம். பாஸ்ஃப், பேயர், ஹோக்ஸ்ட். இன்று மாத்திரை, பூச்சிமருந்துக் கம்பெனிகளாகத் தெரிகிற இந்தப் பெயர்கள் எல்லாம் ஆரம்பத்தில் சாயக் கம்பெனிகள். போருக்கு முன்னால் உலகில் விற்ற செயற்கைச் சாயத்தில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் ஜெர்மனியுடையது. 1897-ல் பாஸ்ஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் நம்ம ஊர் அவுரி சாகுபடி படுத்தேவிட்டது. அதே ரசாயனத் தொழிற்சாலைகள்தான் போர் வந்ததும் வெடிமருந்துக்குத் திரும்பின. 1915-ல் போர்க்களத்தில் குளோரின் வாயுவை ஜெர்மனி திறந்துவிட்டபோது, அந்த வாயு வந்த இடமும் சாயக் கம்பெனிகள்தான்.

ஆக, 1914 ஆகஸ்டில் ஜெர்மனியின் கடல்வழி அடைபட்டதும், இந்தியாவுக்கு வரும் சாய டப்பா நின்றுபோனது. இருப்பு வைத்திருந்த வியாபாரி வைத்ததே விலை. பருத்தி நெய்தாலும் பட்டு நெய்தாலும் சாயம் ஏற்றாமல் சேலை இல்லை. சென்னை மாகாணத்தின் நெசவு ஊர்கள் எல்லாம் இந்தத் தட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டன. தென்னாற்காடு, கடப்பா பக்கம் விவசாயிகள் கைவிட்ட அவுரியை மறுபடி விதைத்தார்கள். போர் முடிந்து செயற்கைச் சாயம் திரும்ப வந்ததும் அதுவும் போச்சு.

எம்டன் குண்டு விழுந்த சத்தம் காஞ்சிபுரத்துக்குக் கேட்டிருக்காது. சாயத்தின் விலை கேட்டது.

ஓரிக்கை என்ற பெயருக்கே 'ஓர் இரவு இருக்கை' என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனை ராஜா ஊரைவிட்டு விரட்ட, பின்னாலேயே ஆழ்வாரும், அவர் பின்னால் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் கிளம்பி, ஒரு ராத்திரி தங்கிய இடம் என்பது கதை. ஒரே ராத்திரியில் ஒரு சொல் ஊரோடு ஒட்டிக்கொள்வது எம்டனுக்கு மட்டும் நடந்தது இல்லை.

ஜப்பான் வந்தது அடுத்த போரில்

1930-களில் ஜப்பானும் சீனாவும் கச்சாப் பட்டை மலிவாகக் கொண்டுவந்து குவித்தன. மைசூர் பக்கம் பட்டுப்புழு வளர்த்தவர்கள் தடுமாறினார்கள். 1934-ல் அரசு பாதுகாப்பு வரி போட வேண்டி வந்தது. நெய்பவருக்கு நூல் மலிவு, புழு வளர்ப்பவருக்கு நஷ்டம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்த சண்டை அது. போர் வந்ததும் அந்த நூல் வரத்தும் நின்றது. மைசூர்ப் பட்டில் ஒரு பங்கு பாராசூட்டுக்குப் போனது.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பு மேல் வந்தன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ம் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக் கடலில் பிரிட்டனின் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அடுத்து சென்னைதான் என்று ஊரே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தன. குண்டு விழுந்தால் கூண்டை உடைத்துக்கொண்டு வந்துவிடும் என்று விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த பெரும்படை வரவே இல்லை. வங்கக் கடலில் எண்ணெய் எரித்து இவ்வளவு தூரம் வந்த ஜப்பான் கப்பல்களுக்குத் திரும்பிப் போக வேண்டிய வேலை பசிபிக்கில் இருந்தது.

இந்த முறை ஜெர்மனியும் ஜப்பானும் ஒரே அணி. 1940 செப்டம்பரில் இத்தாலியோடு சேர்ந்து ஒப்பந்தம் போட்டவர்கள். ஆனால் சேர்ந்து ஒரு பெரிய தாக்குதல்கூட அவர்களால் நடத்த முடியவில்லை. காரணம் பழையதுதான். நடுவில் பாதி உலகம். 1943 ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் அருகே ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஜப்பான் நீர்மூழ்கிக்கு ரப்பர் படகில் மாறிய இரண்டு பேர்தான் நமக்கு நினைவில் நிற்கும் கூட்டு நடவடிக்கை: நேதாஜி சுபாஷ் சந்திர போஸும் அவர் உதவியாளர் ஆபித் ஹசனும். அதற்கே ஜெர்மனியில் கிளம்பியதிலிருந்து இரண்டரை மாதத்துக்கு மேல் ஆனது.

இன்றைக்கு மோதினால்?

இப்போ அந்தப் பேரனின் கேள்விக்கு வருவோம். ஜெர்மன் ராணுவத்தில் சுமார் 1,80,000 பேர். 2035-க்குள் 2,60,000 ஆக்குவது திட்டம். ஜப்பானின் தற்காப்புப் படைக்கு அனுமதிக்கப்பட்ட பலம் சுமார் 2,47,000. ஆனால் அவ்வளவு ஆள் கிடைக்காமல் வருஷா வருஷம் இடம் காலியாகக் கிடக்கிறது. 'ராணுவம்' என்ற பெயரே அதற்குக் கிடையாது. போரைக் கைவிடுவதாகச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 9-வது பிரிவு அப்படி.

கடலில் ஒப்பீடே இல்லை. ஜப்பானிடம் 20-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள், ஜெர்மனியிடம் 6. ஜப்பானிடம் ஏஜிஸ் ரக அழிப்புக் கப்பல் மட்டும் 8. 'இசுமோ', 'காகா' என்ற இரண்டு பெரிய ஹெலிகாப்டர் கப்பல்களை எஃப்-35பி விமானம் இறங்குகிற மாதிரி மாற்றுகிறார்கள். (இசுமோவை நம்ம ஆட்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2017 ஜூலையில் மலபார் கூட்டுப் பயிற்சிக்காக சென்னைக் கடல் பக்கம் வந்தது.) எஃப்-35 மொத்தம் 147 வாங்குவது ஜப்பான் திட்டம். ஜெர்மனி முதலில் ஆர்டர் கொடுத்தது 35.

தரையில் ஜெர்மனியின் லெப்பர்ட்-2 டாங்கி உலகத் தரம். சுமார் 300 இருக்கின்றன. ஆனால் அந்த டாங்கி ஜப்பானுக்கு எப்படிப் போகும்? பெர்லினுக்கும் டோக்கியோவுக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 8,900 கி.மீ. கப்பலில் ஏற்றினால் பாதி உலகத்தைச் சுற்றணும். வழியில் 20 நீர்மூழ்கிகள் காத்திருக்கும். திருப்பிக் கேட்டாலும் இதே கதைதான். ஜப்பான் கப்பல்கள் வட கடல் வரை போய்ச் சேர்ந்தால், அங்கே எண்ணெய் நிரப்ப ஒரு துறைமுகம் கிடைக்காது. அதாவது எம்டனின் நிலக்கரிப் பிரச்னை.

பணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. உக்ரைன் போருக்குப் பிறகு 2022-ல் ஜெர்மனி 100 பில்லியன் யூரோ தனி நிதி ஒதுக்கியது. ஜப்பான் 2023 முதல் ஐந்து வருஷத்துக்கு 43 டிரில்லியன் யென். அணு ஆயுதம் இரண்டு பேரிடமும் சொந்தமாக இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாடிகார்டு, அமெரிக்கா. ஜப்பானில் 50 ஆயிரத்துக்கும் மேல், ஜெர்மனியில் 30 ஆயிரத்துக்கும் மேல் அமெரிக்க வீரர்கள் முகாமிட்டிருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவர் மேல் கை வைக்கணும்னா முதலில் அவர்களைத் தாண்டணும்.

எனவே பதில் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: ஜப்பான் பக்கத்துக் கடலில் நடந்தால் 1914 மாதிரியே ஜப்பான். ஐரோப்பாவில் நடந்தால், நேட்டோ நாடுகளை அக்கம்பக்கத்தில் வைத்திருக்கும் ஜெர்மனி. தரையில் இரண்டு படைகளும் சந்திக்கவே வழி கிடையாது. 'மொத்தப் பலம்' என்று ஒரே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் பட்டியல்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

ஜெர்மன் போர்விமானங்கள் ஜப்பானுக்குப் போனதே இல்லையா என்றால், போயிருக்கின்றன. 2024 ஜூலையில் யூரோஃபைட்டர் விமானங்கள் ஹொக்கைடோவின் சிதோசே தளத்தில் இறங்கி ஜப்பானியர்களோடு சேர்ந்து பறந்தன. நடுவானில் எரிபொருள் நிரப்பும் விமானம், சாமான் சுமக்கும் ஏ400எம் விமானம் என்று ஒரு பரிவாரமே கூடப் போனது. எரிபொருள், உணவு, உதிரிபாகங்களை ஒருவருக்கொருவர் கொடுத்து உதவும் இரு நாட்டு ஒப்பந்தமும் அதே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பயணம் முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில், 2024 ஆகஸ்டில், அந்த ஜெர்மன் விமானங்கள் இறங்கிய இடம் கோவை சூலூர். இந்திய விமானப் படையின் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சி. எம்டனுக்கு 110 வருஷம் கழித்து தமிழ்நாட்டுக்கு வந்த ஜெர்மன் போர்விமானிகளுக்கு இந்த முறை எரிபொருள் நாமே நிரப்பிக் கொடுத்தோம். அடுத்த மாதம் ஜோத்பூரில் நடந்த இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு ஜப்பான் தன் எஃப்-2 விமானங்களை அனுப்பியது.